கட்டிக் கணக்கு

பழைய எஸ்டேட், சித்தியவான்
12 ஜனவரி 2025

அன்புள்ள நஸீரா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குக் காதைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நீங்களும் ஹைகலும் மருமகள் ஆஃப்ஷீனும் கோத்தா கினபாலுவில் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். முழங்கால் வலி எப்படி?

"வாட்ஸ்அப்பில் நீ அனுப்பும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தம்பி என்று ஒருத்தன் இருந்தால் கடுதாசி எழுதட்டும்" என்று போன மாதம் திட்டியிருந்தீர்கள். இதோ எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி எனக்கு விழாது. நமக்கு இதுதான் சரி.

முப்பது வருடம் தொழிற்சாலையில் பிறருடைய விமானங்களுக்கு இறக்கைத் துண்டு செய்து ஓய்வு பெற்றவன், இப்போது எனக்கென்று ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். சின்ன விமானம், ஊர் சுற்றிப் பார்க்க. இரண்டு பேர் உட்காரலாம். கார்பன் துணியில் பிசின் தடவி, நடுவில் நுரைப்பலகை வைத்து இறுகவிட்டால் இரும்பைவிடக் கெட்டியாகவும் மரத்தைவிட லேசாகவும் வரும். ஓர் இறக்கையை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம்.

இடம் நம் வாப்பா மளிகைக் கடை வைத்திருந்த அதே எஸ்டேட்தான். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ரப்பர்த் தாளைச் சூட்டில் உலர்த்திய புகைக்கொட்டகையை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். அதை வாடகைக்குப் பிடித்துவிட்டேன். பிசின் முழுதாக இறுக அறுபது டிகிரிச் சூட்டில் வைக்க வேண்டும். இந்தச் செங்கல் சுவரும் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்குத்தான் கட்டியது. விறகுக்குப் பதில் மின் அடுப்பு வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்து அனுமதியும் கிடைத்தால், சித்தியவானில் இருக்கிற சின்ன விமானத் திடலிலிருந்து கிளம்பி, லூமுட் கரை, பங்கோர் தீவு மேலே ஒரு சுற்று, அப்படியே ஈப்போ சுண்ணாம்பு மலைகள்வரை போய்த் திரும்பலாம். முன்னால் நான், பின் இருக்கை உங்களுக்கு. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வீட்டில் நானும் ஒரு பூனையும்தான். பூனையைக் கேட்டேன், வரவில்லையாம்.

பதில் எதிர்பார்க்கிறேன். வஸ்ஸலாம்.

உங்கள் தம்பி
ஷரபுதீன்


லுயாங், கோத்தா கினபாலு
30 ஜனவரி 2025

என் தம்பி ஷரபுவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடுதாசியை வாசலில் நின்றே படித்தேன், உள்ளே வந்து இன்னொரு தரம் படித்தேன். நான் நலம் என்று எழுதுகிறேன், கடுதாசி என்றால் அப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும். முழங்கால் பழையபடி. டாக்டர் ஏதோ சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வயதில் நம்மைப் பார்த்தாலே டாக்டர்மாருக்கு எழுத வந்துவிடும்.

"என் தம்பி துணியில் விமானம் செய்கிறான்" என்று ஆஃப்ஷீனிடம் சொன்னேன். "மழை பெஞ்சா என்னா பண்ணுவாரு மாமி?" என்றாள். அதற்குப் பதிலை நீயே எழுது.

ஒரு குறை. பின் இருக்கை என்றால் வழி முழுக்க உன் முதுகைப் பார்த்துக்கொண்டா வருவேன்? உன் முதுகை நான் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது. எந்த வீட்டு விசேஷத்திலும் சாப்பாட்டுக் கை கழுவியதும் கிளம்பிப் போகிறவன் நீ. பக்கத்தில் இடம் போடு. முடியாவிட்டால் பூனையைக் கெஞ்சிப் பார்.

இங்கே காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் ஐஸ்பெட்டியும்தான். அது அவ்வப்போது முனகும். "என்ன?" என்று நானும் கேட்டுவைப்பேன். மாலையில் பிள்ளைகள் திரும்பும்போது களைத்துப்போயிருப்பார்கள், பேச்சும் இங்கிலீஷில் நாலு வார்த்தையோடு முடிந்துவிடும். குறை சொல்லவில்லை, நல்ல பிள்ளைகள். ஆனால் தனியாகத்தான் இருக்கிறது, ஷரபு.

ஒரு தடவை வந்து போயேன். ஹைகல் நிக்காஹ்வில் பார்த்தது, நாலு வருடம் ஆகிறது.

நேரத்துக்குப் பசியாறு. வெறும் தேத்தண்ணீரில் நாளை ஓட்டாதே.

உன் லாத்தா
நஸீரா


சித்தியவான்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள லாத்தா,

ஸலாம். இங்கே நான் நலம். அங்கே உங்கள் முழங்காலும் ஐஸ்பெட்டியும் முனகாமல் இருக்க வேண்டும்.

போட்ட படத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில். விமானத்தின் உடம்பு அகலமாகிவிட்டதால் காற்று அதிகம் தடுக்கும், வேகம் குறையும். போகட்டும், நமக்கு என்ன அவசரம்? நான் இடது பக்கம், நீங்கள் வலது பக்கம். எனக்குக் கேட்க மிச்சம் இருக்கிற காதும் வலது காதுதான். தோளோடு தோள் இடிக்காமல் இருக்க உங்கள் இருக்கையை ஒரு சாண் பின்னால் தள்ளியிருக்கிறேன்.

புந்தோங்கிலிருந்து தனேஸ்வரன் என்ற லாரிக்காரர் இந்த வாரமும் கார்பன் துணிச் சுருள்களைக் கொண்டுவந்து இறக்கினார். சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தவர், "என்னாண்ணே, போன வாரம் ஒல்லியா இருந்துச்சு, இப்ப குண்டாயிருச்சு?" என்றார்.

"அக்கா பக்கத்துலதான் உட்காருவேன்னு சொல்லிட்டாங்க."

"அக்கா சொல்லிட்டா அப்பீல் இல்லலா," என்றார். ஒரு மாதத்தில் நான் மனிதரோடு பேசிய நீண்ட பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. வாப்பா கடையில் தொங்கிய டாச்சிங் தராசு ஞாபகம் இருக்கிறதா? ஒரு கோல், ஒரு முனையில் சாமான், மறு பக்கம் நகர்த்துகிற குண்டு. விமானமும் அந்தக் கோல்தான். இறக்கை பிடித்துத் தூக்குகிற இடம்தான் கயிறு. முன்னால் இயந்திரம், பின்னால் வால், நடுவில் நீங்களும் நானும். இவ்வளவு லேசான விமானத்தில் ஓர் ஆள் கனம் கூடினாலோ குறைந்தாலோ கோல் சாய்ந்துவிடும். உங்கள் இருக்கை சற்றுப் பின்னால் இருப்பதால் உங்கள் எடை எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும். கோபிக்காமல் எழுதி அனுப்புங்கள்.

வரத்தான் ஆசை. ஆனால் இது பிள்ளை பெற்ற வீடு மாதிரி, பிசின் கலந்துவிட்டால் விட்டு நகர முடியாது. மழைக்கு ஒன்றும் ஆகாது என்று மருமகளிடம் சொல்லுங்கள்.

தம்பி
ஷரபுதீன்


லுயாங்
21 மார்ச் 2025

தம்பி ஷரபுவுக்கு,

ஸலாம். நோன்பு எல்லாம் நல்லபடியாகப் போகிறதா? ஸஹர் நேரத்துக்கு எழுந்திருக்கிறாயா, இல்லை வெறும் வயிற்றோடு படம் வரைகிறாயா? இங்கே எல்லாரும் சுகம்.

பதில் தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை ஓயாமல் நடுங்குகிறது, அதுதான் எழுத்துக் கோணல். இந்த வருடம் எனக்கு நோன்பு முதல் நாளிலிருந்தே விட்டுப்போனது. மருந்து எடுக்கிறேன், கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டதைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம், அல்லாஹ் நாடினால். வீட்டில் எல்லாரும் நோன்பு இருக்கும்போது நான் மட்டும் பகலில் கஞ்சி குடிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பொம்பளையிடம் எடை கேட்கலாமா? கேட்டுவிட்டாய். வாப்பா கடை டாச்சிங்கில் ஏறி நின்றதாக வைத்துக்கொள், அறுபத்தெட்டு. வாப்பாவின் தராசும் பொய் சொன்னதில்லை, நோன்பு மாதத்தில் நானும் பொய் சொல்ல மாட்டேன். இதற்குமேல் கேட்காதே.

மேலே போனால் குளிருமா? இப்போதெல்லாம் எனக்குச் சட்டென்று குளிர் எடுக்கிறது. பகலிலேயே சால்வை போர்த்தி உட்காருகிறேன்.

பெருநாளைக்கு வருவாயா?

லாத்தா


சித்தியவான்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள லாத்தா,

ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். எல்லாரும் நலம் என்று எழுதியதில் சந்தோஷம்.

பெருநாளைக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள். இறக்கையின் முதுகெலும்புக் கட்டை சூட்டில் இருந்தது. பள்ளிவாசலில் தொழுதேன், நாலு பேருக்குக் கை கொடுத்தேன், திறந்திருந்த ஒரே கடையில் ரொட்டி சாப்பிட்டு, தே தாரிக் குடித்தேன். கடைக்காரர் "வீட்டுக்குப் போகலியா பாய்?" என்று கேட்டார். போகணும் என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

அறுபத்தெட்டு என்றதும் எனக்கு நிம்மதி. நிக்காஹ் வீட்டில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தீர்கள். நாலு வருடத்தில் ஏறாமல் இறங்காமல் வைத்திருக்கிறீர்களே! அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பேட்டரிப் பெட்டியை மூக்கோரம் ஒட்டியும் விட்டேன். ஒட்டிவிட்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால்தான் அவ்வளவு கேட்டேன்.

குளிருக்கு ஹீட்டர் வைக்கலாம், ஆனால் இரண்டு கிலோ கூடிவிடும். ஒரு போர்வை கொண்டுவாருங்கள். விட்ட நோன்புக்குக் கவலை வேண்டாம்.

அக்டோபரில் உடல்கூடு ஒட்டி முடித்திருப்பேன். பறக்க நாளாகும், தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஹைகலிடம் சொல்லி வந்து சேருங்கள். நீங்கள் உட்கார்ந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மேல்மூடியை ஒட்டுவேன்.

தம்பி
ஷரபுதீன்


சித்தியவான்
1 ஜூன் 2025

அன்புள்ள லாத்தா,

ஸலாம். உங்கள் கடிதம் வந்து வெகுநாளாகிறது. தபாலில் தொலைந்துவிட்டதோ என்று சித்தியவான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். எல்லாரும் சுகம்தானே? ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது, என் ஸலாத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

போன வாரம் இறக்கையைச் சோதித்தேன். குப்புறப் போட்டு, மேலே மணல் மூட்டை அடுக்க வேண்டும். வானத்தில் புயல் பிடித்து உலுக்கினால் எவ்வளவு பாரம் வருமோ அவ்வளவு. அரிசிக் கடைச் சாக்கில்தான் மணலைக் கட்டினோம். கடைசி மூட்டையைத் தனேஸ்வரன் வைத்தபோது இறக்கை வில்லாக வளைந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒடியவில்லை. மூட்டைகளை இறக்கியதும் பழையபடி நிமிர்ந்து நின்றது.

தனேஸ்வரன் வீட்டுக்குப் போன பிறகு உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது, ஆனாலும் போட்டேன். இப்படி ஒரு நாள் வரும் என்று எத்தனை வருடம் நினைத்திருப்பேன். வந்த அன்று சொல்ல ஆள் இல்லை. பூனையிடம் சொன்னேன்.

இருக்கைப் பஞ்சும் வாரும் வெட்ட வேண்டும். உங்களைத் தொந்தரவு செய்யாமல் இடுப்பளவு, தோளளவு எல்லாம் எடுத்து அனுப்பும்படி மருமகளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு வரி போதும். எழுதுங்கள்.

தம்பி
ஷரபுதீன்


லுயாங்
17 ஜூன் 2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஹைகலும் நலம். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட அளவுகளைப் பின்னால் எழுதியிருக்கிறேன். மாமி உட்கார்ந்திருக்கும்போது எடுத்தேன். "உன் மாமாவுக்குச் சட்டை தைக்கிற வேலையும் வந்துருச்சா?" என்று சிரித்தார்.

எடையும் வேண்டியிருக்கும் என்று சேர்த்திருக்கிறேன். நாற்பத்தொரு கிலோ. மருந்து ஏற்றும் நாளில் நர்ஸ் எடை பார்ப்பார், அதனால் சரியாகத் தெரியும். மூன்று மாதமாக இதிலேயே நிற்கிறது. இதற்குமேல் குறையாமல் இருப்பதே நல்லது என்று டாக்டர் சொன்னார்.

மாமா, உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது. மாமி எழுதாதே என்றும் சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வருகிற அன்று மட்டும் கஞ்சி கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பார்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்ஷீன்


சித்தியவான்
26 ஜூன் 2025

அன்புள்ள லாத்தா,

ஸலாம். மருமகளின் கடிதம் கிடைத்தது.

நாற்பத்தொன்று என்று பார்த்ததும், பிள்ளை எழுத்துப் பிழை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்தேன். வாப்பா கடை டாச்சிங் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோலில் கிலோ ஏது? கட்டிதான். ஒரு கட்டிக்கு அறுநூறு கிராம். அறுபத்தெட்டு கட்டி என்றால் நாற்பத்தொரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேரும் ஒரே எடையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், நான்தான் கிலோ என்று படித்துவிட்டேன். கடைக்காரர் மகனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பரவாயில்லை, சரிசெய்துவிட்டேன். அறுபத்தெட்டுக்கு வைத்த பேட்டரி நாற்பத்தொன்றுக்கு ஆகாது, மூக்கு கனத்துவிடும். பெட்டியை அறுத்து எடுத்து இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோனேன். உங்கள் இருக்கையையும் நாலு விரற்கடை பின்னால் நகர்த்தியிருக்கிறேன். நாற்பத்தொரு கிலோவுக்குப் பஞ்சு அவ்வளவாக அமுங்காது, அதனால் மெல்லிசாக வெட்டினேன். வாரைக் குட்டையாக்கினேன். இப்போது கோல் நேராக நிற்கிறது. முப்பத்தெட்டு கிலோ வரை இறங்கினாலும் தாங்கும், அதற்கும் சேர்த்தே கணக்குப் போட்டுவிட்டேன்.

ஹீட்டரும் வைக்கிறேன். எடை குறைந்ததில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது.

ஆகவே எந்த மாற்றமும் இல்லை. அக்டோபரில் வாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ஷரபுதீன்


லுயாங்
18 ஜூலை 2025

ஷரபு,

ஸலாம். இந்தத் தடவை நலம் என்று எழுதப் போவதில்லை.

உன் கடுதாசியை ஆஃப்ஷீன்தான் படித்துக் காட்டினாள். பேட்டரி வந்த இடத்தில் அவள் தாளை மடித்துவிட்டாள், மீதியை நானே வாங்கிப் படித்தேன். பக்கம் முழுக்க என் எடை. நாற்பத்தொன்றுக்குப் பஞ்சு, நாற்பத்தொன்றுக்கு வார். என்ன நோய் என்று ஒரு வரி இல்லை. வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, பேங்குக்காரன் அனுப்புகிற பெருநாள் வாழ்த்து மாதிரி.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வயிற்றில் கட்டி. பிப்ரவரியில் தெரிந்தது. ஒரு கட்டியை மறைக்க இன்னொரு கட்டியில் கணக்குச் சொன்னேன், அவ்வளவுதான். டாச்சிங் என்று எழுதினால் கண்டுபிடித்துவிடுவாய், கண்டுபிடித்ததும் ஓடி வருவாய் என்று நினைத்தேன். நீ நிம்மதி என்று எழுதினாய். அன்றைக்கு அழுதேன்.

முப்பத்தெட்டு வரை தாங்கும் என்கிறாய். விமானம் தாங்கும் தம்பி. நீ தாங்குவாயா என்று எழுதவில்லையே.

உன்மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கோலாலம்பூரிலிருந்து இங்கே இரண்டரை மணி நேரப் பயணம். வாழ்நாள் முழுக்க விமானம் செய்தவன் நீ, ஒரு விமானம் ஏறி வந்து என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் அவை இறங்குவது தெரியும். சிகிச்சை முடிந்து வந்து படுத்தால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு என்ன வேலை?

அக்டோபரில் நான் வர மாட்டேன். அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர என்னால் முடியாது. அந்த இருக்கையில் யாராவது உட்காருவார்கள், நல்லதாகவே செய். எனக்கு இங்கே கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அதில்தான் ஆள் வேண்டும்.

நஸீரா


கோலாலம்பூர் விமான நிலையம், சிப்பாங்
27 ஜூலை 2025

லாத்தா,

ஸலாம். நீங்கள் சுகமா என்று வழக்கம்போல எழுத வந்து பேனா நின்றுவிட்டது. நான் சுகமாக இல்லை.

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு வாளிப் பிசின் கலந்து வைத்திருந்தேன். நின்ற இடத்திலேயே படித்தேன். படித்து முடித்து நிமிர்ந்தால் அது வாளியிலேயே தன் சூட்டில் புகைந்து இறுகிக் கிடந்தது. தனேஸ்வரன்தான் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "பூனைக்கு நான் சோறு வெச்சிக்கிறேன், கொட்டகையப் பூட்டிக்கிறேன். நீங்க அக்காவப் பாருங்கண்ணே, அவசரப்பட்டுத் திரும்பி வராதீங்கலா" என்றார்.

ஆஃப்ஷீன் எழுதியதைப் படித்த அன்று எனக்குப் புரியாமல் இல்லை. மருந்து ஏற்றுகிறார்கள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உடனே பென்சிலை எடுத்துவிட்டேன். எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தால் மற்றதை நினைக்க வேண்டியதில்லை. விடியும்வரை கூட்டினேன். நாலு வருடமாக நான் வராததும் அப்படித்தான். பிசின், சூடு என்று எழுதியதெல்லாம் சாக்கு. வந்தால் திரும்பி அந்த வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டுமே என்றுதான் வரவில்லை. பெருநாள் அன்றுகூட அதனால்தான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, கையில் கொண்டுவருகிறேன். கதவு திறந்ததும் நான் ஹைகலின் வேலையைப் பற்றியோ அங்கே பெய்கிற மழையைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அப்போது இதை உங்களிடம் கொடுத்துவிடுவேன். நீங்கள் மெல்லப் பேசினால் எனக்குக் கேட்காது, உரக்கப் பேச உங்களுக்குத் தெம்பு இருக்காது. அதனால் இதன் அடியிலேயே பதில் எழுதுங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி, நான் அந்த நாற்காலியில்தான் இருப்பேன்.

வலிக்கிறதா, லாத்தா?